சங்கிலியும் சட்டமும்

நுழையும்முன்

காய்ச்சல் வந்தால் அடுத்த வீட்டாரிடம் சொல்கிறோம். கை முறிந்தால் ஊரே வந்து நலம் கேட்கிறது. மனத்துக்கு நோய் வந்தால் மட்டும் கதவை அடைத்துக்கொள்கிறோம். அடைத்த கதவுகளுக்குப் பின்னால் நடந்தவற்றை நாடு ஒருநாள் காண நேர்ந்தது. அதன்பின் குடிமக்கள் கேட்ட கேள்விகள் ஒரு சட்டத்தையே மாற்றின. அவ்வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஆரணியில் ஒரு வீடு

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக்கரையில் அமைந்துள்ள ஊர் ஆரணி. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் சேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இங்குள்ள நெசவாளர் வீடுகளில் தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. தறியில் ஒருவர் அமர்ந்தால், தார் சுற்றவும் பாவு பிணைக்கவும் வீட்டிலுள்ள மற்றவர்கள் துணை நிற்பார்கள். கூலி நாள்கணக்கில் வருவதில்லை. சேலை முடிந்தால்தான் வரும்.

அத்தகைய வீடு ஒன்றில், நன்றாக நெய்துகொண்டிருந்த இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் சில மாதங்களாக உறங்குவதில்லை என்று வைத்துக்கொள்வோம். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்கிறான். தறிக்கு முன் அமர்ந்தாலும் கை ஓடுவதில்லை. சில நாள்களில் வீட்டை விட்டு வெளியேறி எங்கேயோ நடந்துவிடுகிறான். இது மனச்சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கலாம். மருந்தால் பெரிதும் கட்டுப்படக்கூடியது. குடும்பத்துக்கு அது தெரியாது. அவனைத் தேடி ஒருவர் அலைந்தால் தறி நிற்கிறது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் அன்றைய வேலை போகிறது. பேருந்துக் கட்டணமும் சேர்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கும் வேளையில் செய்தி வெளியே தெரிந்தால் என்னாகும் என்ற அச்சம் வேறு. இந்நிலையில், 'ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடும்' என்று யாரேனும் சொன்னால் அக்குடும்பம் என்ன செய்யும்?

தமிழ்நாட்டின் பல ஊர்களில் பல குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. அவர்களை அன்பற்றவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமன்று. அருகில் மருத்துவரும் கையில் பணமும் இல்லாதபோது எஞ்சியிருந்த ஒரே வழி அது. அவ்வாறு பலர் சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள ஏர்வாடி.

ஏர்வாடியில் நிகழ்ந்தது

ஏர்வாடியின் தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருவர். அங்குத் தங்கி வழிபட்டால் மனநோய் தீரும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோவிலுக்கும் இத்தகைய நம்பிக்கையோடு மக்கள் சென்று ஒரு மண்டலம் தங்குவதுண்டு. வழிபாடு துன்பத்தில் உள்ளவர்க்கு ஆறுதல் தருவது. அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஏர்வாடியில் சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. தர்காவைச் சுற்றித் தனியார் பலர் கொட்டகைகள் அமைத்து, குடும்பங்களிடம் பணம் பெற்றுக்கொண்டு நோயாளிகளைத் தங்கவைத்தனர். ஓடிவிடாமல் இருப்பதற்காக அவர்களைச் சங்கிலியால் பிணைத்தனர்.

2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் அத்தகைய கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர்.

நாளேடுகளில் செய்தியைக் கண்ட இந்திய உச்சநீதிமன்றம் யாரும் வழக்குத் தொடரும்வரை காத்திராமல் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. 'தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட 25 பேர் இறந்தது குறித்து' என்பது அவ்வழக்கின் தலைப்பு. வழக்குப் பதிவானபோது அறியப்பட்ட எண் அது. பின்னர் இறந்தோர் எண்ணிக்கை உயர்ந்தது. தலைப்பில் உள்ள எண் மட்டும் இன்றும் சட்ட நூல்களில் 25 என்றே நிற்கிறது. உயிரிழந்தவர்களுள் எவர் பெயரும் அத்தலைப்பில் இல்லை என்பதும் எண்ணத்தக்கது.

ஏர்வாடியில் இருந்த இத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். 2002 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்தது. நாடு முழுவதும் உள்ள மனநலக் காப்பகங்களைக் கணக்கெடுக்க வேண்டும், மாநிலந்தோறும் அரசு மனநல மருத்துவமனை வேண்டும், கிராமப்புற மக்களுக்குச் சட்டத்தையும் நோயாளிகளின் உரிமைகளையும் எடுத்துச்சொல்ல வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும்.

சட்டம் முன்பே இருந்தது

ஏர்வாடியில் தீப்பிடித்தபோது நாட்டில் மனநலச் சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1987இல் நாடாளுமன்றம் இயற்றிய மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. காப்பகம் நடத்துவோர் உரிமம் பெற்றாக வேண்டும் என்று அது கூறியது. அப்படியிருந்தும் எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் ஓலைக் கொட்டகைகளில் சங்கிலிகள் இருந்தன.

இதற்கு அச்சட்டத்தின் பிறப்பிலேயே ஒரு காரணம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் 1858இலும் 1912இலும் வந்த சட்டங்கள் மனநோய் உடையவரைப் 'பித்தர்' என்றே குறித்தன. அவரிடமிருந்து ஊரைக் காப்பதே அவற்றின் நோக்கம். சென்னையில் 1794இல் தொடங்கி, பின்பு கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்ற மனநல மருத்துவமனையும் அக்காலத்தில் காப்பிடமாகவே கருதப்பட்டது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் பழைய இழிசொல்லை நீக்கியது. பல சீர்திருத்தங்களையும் செய்தது. எனினும், யாரை, எவ்வாறு, யாருடைய ஆணையின்பேரில் உள்ளே சேர்ப்பது என்பதிலேயே அதன் கவனம் பெரிதும் சென்றது. உள்ளே இருப்பவர் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதை அது விரிவாகச் சொல்லவில்லை. கட்டடத்தைப் பார்த்த அளவுக்கு அது மனிதரைப் பார்க்கவில்லை எனலாம்.

கேட்டவர்கள்

கேள்வி கேட்டவர்கள் ஏர்வாடிக்கு முன்பே இருந்தார்கள். இதழாளர் ஷீலா பார்சே, குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிகள் சிறைகளில் அடைக்கப்பட்டிருப்பதை உச்சநீதிமன்றத்தின் முன் கொண்டுசென்றார். காவலர்கள் தெருவில் கண்டவர்களை, வேறிடம் இல்லை என்பதற்காகச் சிறைக்கு அனுப்பும் வழக்கம் அப்போது மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களில் இருந்தது. அவ்வாறு அடைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று 1993இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்கள் இருவர், தெருவில் மிகுந்த துன்பநிலையில் இருந்த பெண் ஒருவரைக் கண்டனர். அவரைச் சேர்த்துக்கொள்ள இடம் தேடியபோது எளிதில் கிடைக்கவில்லை. அந்த அலைச்சலின் விளைவாக அவர்கள் தொடங்கியதே 'பான்யன்' என்னும் அமைப்பு. வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்கு மருத்துவம் அளித்து, அவர்களுடைய ஊரைக் கண்டறிந்து குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் பணியை அது மேற்கொண்டது. குணமடைந்த பெண் தன் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதுதான், 'இவருக்குப் போக்கிடம் இல்லை' என்று முன்பு எழுதிவைத்தது எவ்வளவு பிழை என்பது தெரியவரும்.

இவர்களுக்கு முன்னோடியாகக் குறிப்பிடத்தக்கவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் அவர், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். ஓய்வுபெற்றபின் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சென்னையில் நிறுவினார். மருந்தோடு பணி நிறுத்தப்படக் கூடாது, நோயுற்றவர் மீண்டும் வேலைக்குச் செல்லவேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. நெசவாளர் வீட்டுக்கு இது நன்கு விளங்கும். மகன் குணமாகிவிட்டான் என்பதை அவ்வீடு மருத்துவச் சான்றிதழைப் பார்த்து அறிவதைவிட, அவன் மறுபடி தறியில் அமர்வதைப் பார்த்தே அறியும்.

ஏர்வாடித் தீக்குப்பின் தில்லியிலிருந்து 'சார்த்தக்' என்னும் அமைப்பும் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. மயக்கமருந்து தராமல் மின்னதிர்வு சிகிச்சை அளிப்பதையும் நோயாளிகளைக் கட்டிவைப்பதையும் அது எதிர்த்தது.

இவ்வாறு நாட்டின் வெவ்வேறு மூலைகளில் எழுந்த கேள்விகளுக்கு உலக அரங்கிலிருந்தும் வலுச்சேர்ந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றது. நீண்டகால மனநல இடர்ப்பாடு உடையவர்களையும் அது உள்ளடக்கியது. 2007 அக்டோபரில் இந்தியா அதனை ஏற்புறுதி செய்தது. எனவே, உள்நாட்டுச் சட்டங்களை அதற்கு இசைவாக மாற்றவேண்டிய கடமை நாட்டுக்கு ஏற்பட்டது.

ஒருமித்துப் பேசவில்லை

2010இல் புதிய சட்டத்துக்கான வரைவுப்பணி தொடங்கியது. மருத்துவர்கள், சட்ட வல்லுநர்கள், தொண்டு அமைப்புகள், நோயைக் கடந்து வந்தவர்கள், அவர்களைப் பேணும் குடும்பத்தார் எனப் பலரும் கருத்துரைத்தனர். அவர்கள் அனைவரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று கருத வேண்டா. நோயைக் கடந்து வந்தவர்களுள் ஒரு சாரார், எவரையும் அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்கவே கூடாது என்றனர். 'இரவு இரண்டு மணிக்கு நிலைமை கைமீறும்போது என்ன செய்வது?' என்று குடும்பத்தார் கேட்டனர். மனநல மருத்துவர்களுள் பலர், அளவுக்கு மீறிய விதிமுறைகள் உடனடிச் சிகிச்சைக்குத் தடையாகும் என்று அஞ்சினர்.

மூன்று தரப்பிலும் உண்மை இருந்தது. சட்டம் இறுதியில் இடைவழி ஒன்றைத் தேர்ந்தது. தன் விருப்பப்படி சேர்வதே பொதுவழி. தானே முடிவெடுக்க இயலாத அளவுக்குக் கடுமையான நிலையில் மட்டும் பிறர் துணையுடன் சேர்க்கலாம். அதற்கும் முதலில் 30 நாள் வரையறை உண்டு. நீட்டிக்க வேண்டுமெனில் மேலும் ஆய்வுகள் வேண்டும். இவ்வேற்பாடு எவரையும் முழுமையாக நிறைவுபடுத்தவில்லை. இன்றும் அதுபற்றிய வாதம் ஓயவில்லை.

2013இல் மாநிலங்களவையில் முன்வைக்கப்பட்ட சட்டமுன்வரைவு 2016 ஆகஸ்டில் அங்கு நிறைவேறியது. 2017 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறி, ஏப்ரல் 7 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 என்னும் பெயரில் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வீட்டுக்குள் வரும்போது

அச்சட்டம் ஆரணி இளைஞனுக்கு என்ன தருகிறது? முதலாவதாக, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிறுவனங்களில் மனநல மருத்துவம் பெறுவது அவனுடைய உரிமை. முன்பு அது கிடைத்தால் நல்வாய்ப்பு. இப்போது கேட்டுப் பெறவேண்டிய ஒன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அம்மருத்துவம் கட்டணமின்றி அளிக்கப்பட வேண்டும். மாவட்டத்தில் அரசின் சேவை இல்லையெனில், அங்குள்ள வேறு மனநல நிறுவனத்தில் பெற்ற சிகிச்சையின் செலவை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பலரும் அறியாத பிரிவு இது.

நலமாக இருக்கும்போதே, 'எனக்கு மீண்டும் நோய் கடுமையானால் இன்ன சிகிச்சை தரலாம், இன்னது வேண்டா, எனக்காக இன்னார் முடிவெடுக்கட்டும்' என்று அவன் எழுதிவைக்கலாம். இதனை முன்னறிவுறுத்தல் என்பர். வயதுவந்த எவரும், மனநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவ்வாறு எழுதலாம். உடனடி ஆபத்து நேரும்போது மட்டும் மருத்துவர் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. அவன் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி தந்தையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தன்னோடு நெய்த நண்பனைக்கூட நியமிக்கலாம்.

வீட்டை விட்டு வெளியேறி அவன் தெருவில் அலைந்தால், காவலர் அவனைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காவல்நிலையச் சிறையிலோ கொட்டடியிலோ அடைக்கக் கூடாது. ஷீலா பார்சே கேட்ட கேள்வி இவ்வாறு சட்டப்பிரிவாயிற்று. குடும்பம் ஏற்க மறுக்கிறது என்னும் ஒரே காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கவும் கூடாது.

மனநோயாளிகளை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 95ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடை செய்கிறது. மயக்கமருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இன்றி மின்னதிர்வு அளிப்பதும் அதே பிரிவில் தடுக்கப்பட்டுள்ளது. கட்டாயமாகத் தலையை மழிக்கக் கூடாது, வேலை வாங்கினால் கூலி தரவேண்டும், விரும்பினால் தம் சொந்த உடையை அணியலாம் என்பன போன்ற சிறு சிறு விதிகளும் உள்ளன. சட்டத்தில் இவற்றையெல்லாம் எழுதவேண்டுமா என்று தோன்றலாம். எழுதவேண்டிய நிலை இருந்ததனால்தான் எழுதினார்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதை ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு கருதிவந்தது. துன்பத்தின் உச்சியில் நின்றவர் மருத்துவமனையில் கண்விழித்ததும் வழக்கை எதிர்கொள்ள நேர்ந்தது. அதனால் குடும்பங்கள் உண்மையை மறைத்தன, மருத்துவருக்கும் சொல்லவில்லை. புதிய சட்டத்தின் 115ஆம் பிரிவு இந்நிலையை மாற்றியது. அத்தகையவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அது கூறுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

தெரிந்து தெளிவோம்

மனநல ஆலோசனைக்காக நடுவண் அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். தமக்காக மட்டுமின்றி, துன்பத்திலுள்ள நண்பருக்காகவும் அழைக்கலாம்.

எழுதியதும் நடப்பதும்

பெங்களூரு தேசிய மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்படப் 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. கடுமையான மனநோய் உடையவர்களில் நால்வருக்கு மூவர் என்ற அளவில் மருத்துவம் பெறாதிருந்தனர். சட்டத்தின் பிரிவுகள் இந்த எண்களைத் தாமாகக் குறைத்துவிடுவதில்லை.

2019இல் உத்தரப்பிரதேசத்தின் பதாயூனில், வழிபாட்டிடம் சார்ந்த காப்பகம் ஒன்றில் மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருப்பதை வழக்கறிஞர் ஒருவர் படங்களுடன் உச்சநீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார். ஏர்வாடிக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, புதிய சட்டம் வந்தபின் நிகழ்ந்தது இது. மறுபுறம், ஏர்வாடியிலேயே தமிழ்நாடு அரசு தர்காவோடு இணைந்து 'மருந்தும் துஆவும்' என்ற வகையில் பணியாற்றும் முறையைக் கொண்டுவந்தது. வழிபட வருவோர் வழிபாட்டை விடவேண்டியதில்லை. அங்கேயே மருத்துவரையும் பார்க்கலாம். நம்பிக்கையோடு மோதாமல் மருந்தை அதன் அருகில் கொண்டுபோய் வைத்த அறிவு பாராட்டத்தக்கது.

ஆரணிக் குடும்பத்தின் சிக்கலோ இன்னும் சிறியது. சிறியதாக இருப்பதாலேயே கவனத்துக்கு வராதது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவர் வட்ட மருத்துவமனைக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருவார். அந்த நாள் எது என்று வீட்டுக்குத் தெரியவேண்டும். சென்ற நாளில் மருந்து இருப்பில் இருக்கவேண்டும். மருந்து இல்லையென்றால் இன்னொரு நாள் தறியை நிறுத்த வேண்டும். இரண்டுமுறை அவ்வாறு நேர்ந்தால் பலர் மூன்றாம் முறை செல்வதில்லை. மருந்து நின்றால் நோய் திரும்புகிறது. எனவே, 'இந்த மாத்திரை எத்தனை மாதமாக இருப்பில் இல்லை?' என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கும் ஒரு விண்ணப்பமும் மனநலச் சட்டத்துக்காக வாதாடுவதே ஆகும். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவும் அத்தகையதே. வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லாதவருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி உதவவேண்டும் என்பதையும் இச்சட்டம் உறுதிசெய்துள்ளது.

உரிமை மீறப்பட்டால் முறையிடுவதற்கென மனநலச் சீராய்வு வாரியங்களைச் சட்டம் ஏற்படுத்தியது. பல மாநிலங்களில் அவை அமையக் காலதாமதமாயிற்று என்பது பெருங்குறை. எனினும் அவற்றின் அமைப்பு புதுமையானது. நீதித்துறையைச் சார்ந்தவர் தலைவர். மருத்துவர்களும் ஆட்சியரின் சார்பாளரும் உறுப்பினர்கள். அவர்களோடு, மனநோயைத் தம் வாழ்வில் கண்டவர்கள், அத்தகையோரைப் பேணுபவர்கள், தொண்டு அமைப்பினர் ஆகியோரிலிருந்தும் இருவர் சம உறுப்பினர்களாக அமர்வர். முன்பு யாரைப் பற்றி மற்றவர்கள் கூடி முடிவெடுத்தார்களோ, அவர்களுக்கே அம்மேசையில் இப்போது ஓர் இருக்கை உண்டு.

வாரியத்தில் முறையிடக் கட்டணம் எதுவுமில்லை. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளவர் வாரியத்தின் உறுப்பினரோடும் தம் வழக்கறிஞரோடும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரோடும் தொடர்புகொள்வதை நிறுவனம் தடுக்க முடியாது. எழுத இயலாத நிலை போன்ற சிறப்புச் சூழல்களில், உள்ளே இருப்பவர் தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்வதையே மனுவாக வாரியம் ஏற்றுக்கொள்ளலாம்.